கண்ணைச் சுற்றி வீக்கமும் காய்ச்சலும்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இமை வீங்கினால் நம் பக்கத்தில் முதலில் தோன்றுவது மூன்று: பூச்சி கடித்திருக்கும், சூட்டுக் கட்டியாக இருக்கும், இல்லாவிட்டால் மெட்ராஸ் ஐ. பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அபூர்வமாக அந்த வீக்கம் கண்ணுக்குப் பின்னால் சீழ் கட்டுவதன் வெளி அடையாளமாகிவிடும். அப்போது நாள் கணக்கு கிடையாது, மணிக் கணக்குதான். எங்கள் கண் புறநோயாளிப் பிரிவில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

இது சாதாரண வீக்கமா, ஆபத்தானதா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ஆனால் வீக்கத்தின் அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். பூச்சிக்கடியில் முகமே அடையாளம் தெரியாமல் வீங்கும், இரண்டு நாளில் வற்றிவிடும். பின்னால் சீழ் கட்டும்போது சில நேரம் இமை கொஞ்சமாகத்தான் தடித்திருக்கும். பார்க்க வேண்டியது இமையை அல்ல, அதற்கு உள்ளே இருக்கும் கண்ணை.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மேல் இமையை மெதுவாகத் தூக்குங்கள். நல்ல கண்ணை மூடிக்கொண்டு, வீங்கிய கண்ணால் விரல்களை எண்ணச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு சிவப்புப் பொருளை, பேனா மூடி போதும், இரண்டு கண்ணாலும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். வீங்கிய கண்ணில் சிவப்பு வெளிறித் தெரிந்தால் பார்வை நரம்பு பாதிக்கப்படுகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். எழுத்துப் படிக்க முடிகிற நிலையிலேயே நிறம் மங்கத் தொடங்கிவிடலாம். அடுத்து, தலையை அசைக்காமல் மேலே, கீழே, இடம், வலம் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணை அசைக்கும்போது வலித்தாலோ, ஒரு பக்கம் போகாமல் நின்றுவிட்டாலோ, எதிரே இருப்பவர் இரண்டாகத் தெரிந்தாலோ அதற்கு மேல் எதையும் சோதிக்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள். கடைசியாக ஆளை உட்கார வைத்து, பின்னால் நின்றுகொண்டு, நெற்றிக்கு மேலிருந்து குனிந்து பாருங்கள். ஒரு கண் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்பது நேரே பார்ப்பதைவிட இப்படிப் பார்த்தால் நன்றாகத் தெரியும்.

இமையைத் திறக்கவே முடியவில்லை என்றால் வலுக்கட்டாயமாகத் திறக்காதீர்கள். திறக்க முடியாத கண் பரிசோதிக்கப்படாத கண். அதுவே மருத்துவமனைக்குப் போகப் போதுமான காரணம்.

ஒரே வீக்கத்துக்கு ஒருவரை மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள், இன்னொருவரை அட்மிட் செய்கிறார்கள். ஏன்?

இமைக்குள் மெல்லிய ஒரு சவ்வு இருக்கிறது. கண் குழியின் எலும்பு விளிம்பிலிருந்து இமை வரைக்கும் திரை கட்டியதுபோல் நிற்கும். கிருமி இந்தத் திரைக்கு முன்னால், தோலோடு நின்றுவிட்டால் அது ப்ரீசெப்டல் செல்லுலைட்டிஸ். பெரியவர்களுக்கும், விளையாடிக்கொண்டு நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளைகளுக்கும் ஐந்து முதல் ஏழு நாள் மாத்திரை அல்லது சிரப் போதும். ஒன்றிரண்டு நாளில் திரும்ப வந்து காட்ட வேண்டும். கைக்குழந்தை என்றால் இதற்கே அட்மிஷன் உண்டு.

திரைக்குப் பின்னால் போய்விட்டால் ஆர்பிட்டல் செல்லுலைட்டிஸ். கண் குழி முன்பக்கம் தவிர எல்லாப் பக்கமும் எலும்பால் அடைபட்ட இடம். வீக்கமோ சீழோ சேர்ந்தால் விரிய இடமில்லாமல் கண்ணை முன்னால் தள்ளும், பார்வை நரம்பை இழுக்கும், ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். அதற்கு அடுத்த படி மூளை. கண்ணிலிருந்து ரத்தம் வடியும் சிரைகளில் கிருமி ஏறி, மூளையின் அடியில் இருக்கும் கேவர்னஸ் சைனஸ் என்ற சிரைக் குழியில் ரத்தம் கட்டி உறைந்தால் மறு கண்ணும் வீங்கும், உயிருக்கே ஆபத்து. ஒரு கண்ணில் தொடங்கிய வீக்கம் இரண்டாவது கண்ணுக்குப் போனால் "ஒட்டிக்கொண்டது" என்று நினைத்துச் சும்மா இருக்கக் கூடாது.

பிள்ளைக்குச் சளிதான் இருந்தது. கண் எப்படி வீங்கியது?

மூக்கின் பக்கவாட்டில், இரண்டு கண்ணுக்கும் நடுவே, எத்மாய்டு என்ற சைனஸ் (காற்று) அறைகள் இருக்கின்றன. அவற்றுக்கும் கண் குழிக்கும் இடையில் இருக்கும் எலும்பு காகிதம் போல மெல்லியது. அதன் லத்தீன் பெயரே அப்படித்தான். சளி முற்றி சைனஸில் சீழ் தங்கினால் இந்த எலும்பைத் தாண்டிக் கண்ணுக்கு வந்துவிடும். பிள்ளைகளின் ஆர்பிட்டல் செல்லுலைட்டிஸுக்கு முக்கியமான வாசல் இதுதான். பெரியவர்களுக்கு இதோடு மேல் கடைவாய்ப் பல்லின் சீழ், கண்ணீர்ப் பை அடைப்பு, அடிபட்ட காயம் எல்லாம் சேரும்.

ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயென்சா பி என்ற கிருமி ஒரு காலத்தில் சின்னப் பிள்ளைகளின் கண்ணைச் சுற்றி இந்த நோயை அடிக்கடி உண்டாக்கியது. அதற்கான தடுப்பு மருந்து பெண்டாவேலன்ட் ஊசியில் இருக்கிறது. நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான், 2011 டிசம்பரில், அரசுத் திட்டத்தில் அதைத் தொடங்கினார்கள். 6, 10, 14 வாரங்களில் போடுகிற அந்த ஊசி விட்டுப்போயிருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஊசி அட்டையைக் கையோடு கொண்டுபோனால் இன்னும் நல்லது.

தெருவில் எல்லாருக்கும் மெட்ராஸ் ஐ. இதுவும் அதுதானே?

மெட்ராஸ் ஐயில் கண் சிவந்து உறுத்தும், நீரோ பீளையோ வடியும். நல்ல காய்ச்சல் அடித்து, இமைத் தோல் சிவந்து சூடாகி, தொட்டால் வலித்தால் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அக்கி என்கிறார்கள். காவியால் எழுதிக்கொண்டால் போதாதா?

அக்கி என்று நாம் சொல்வதில் உண்மையான அக்கியும் இருக்கிறது, வேறு பலவும் இருக்கின்றன. உண்மையான அக்கி, அதாவது ஹெர்பிஸ் ஜோஸ்டர், என்றால் நெற்றியின் ஒரு பக்கத்தில் மட்டும் எரிச்சலோடு கொப்புளங்கள் வரும், நடுக்கோட்டைத் தாண்டாது. மூக்கு நுனியில் கொப்புளம் இருந்தால் கண்ணுக்குள்ளும் வைரஸ் போகும் வாய்ப்பு அதிகம். இதற்கு ஏசைக்ளோவிர் போன்ற மாத்திரை இருக்கிறது, கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நன்றாக வேலை செய்யும்.

காவி பூசினால் என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். தோலின் நிறம் மறைந்துவிடுகிறது, அதுதான் கெடுதல். இமைத் தோல் சிவப்பிலிருந்து ஊதாவாகவும் ஊதாவிலிருந்து கருப்பாகவும் மாறுகிறதா என்று பார்த்துத்தான் நாங்கள் பல முடிவுகளை எடுக்கிறோம். எழுதியே தீருவேன் என்று பாட்டி பிடிவாதம் பிடித்தால் கண்ணுக்குத் தூரமாக எழுதச் சொல்லிவிட்டு, நேராக ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். மஞ்சள் பற்று, விளக்கெண்ணெய், தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

வீட்டில் அம்மை போட்டிருக்கிறது. இமையில் ஒரு கொப்புளம் சொறிந்து புண்ணாகிவிட்டது. தண்ணீர் ஊற்றும் வரை காத்திருக்கலாமா?

காத்திருக்கக் கூடாது. வேப்பிலை கட்டுங்கள், இளநீர் கொடுங்கள், ஆத்தாளைக் கும்பிடுங்கள். யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் சின்னம்மைக் கொப்புளத்தைச் சொறிந்த இடத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா நுழையலாம். அது தோலுக்கு அடியில் கொழுப்பையும் திசுவையும் அழுகவைத்துக்கொண்டு வேகமாகப் பரவினால் நெக்ரோடைசிங் ஃபாசியைட்டிஸ் என்ற நோயாகும். கண்ணருகில் அரிது. வந்தால் மிகக் கொடியது.

இதன் முக்கிய அறிகுறி, பார்க்கிற காயத்துக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்கு வலி. சிவப்பின் எல்லையைப் பேனாவால் கோடு போட்டு வைத்தால் ஓரிரு மணி நேரத்தில் கோட்டைத் தாண்டியிருக்கும். பிறகு தோல் ஊதா நிறமாகும், கருஞ்சிவப்பு நீர்க்கொப்புளங்கள் வரும், வலித்த இடம் மரத்துப்போகும். மரத்துப்போனதும் வலி குறைந்துவிட்டது என்று வீட்டில் நிம்மதி அடைவார்கள். உண்மையில் அந்த இடத்து நரம்பு செத்திருக்கும். கூடவே நாடி வேகம், மூச்சு வாங்குதல், பிதற்றல், சிறுநீர் குறைதல் இருந்தால் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது.

இதற்கு மருந்து மட்டும் போதாது. செத்த திசுவை உடனே அறுவை செய்து எடுக்க வேண்டும். ஒரே முறையில் முடியாமல் மறுநாளும் தியேட்டருக்குக் கொண்டுபோவார்கள். பென்சிலின் வகை மருந்தோடு கிளிண்டாமைசினும் சேர்ப்பார்கள், அது பாக்டீரியா விஷம் உண்டாக்குவதைக் குறைக்கும். இமைத் தோல் போய்விட்டால் பிறகு வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டலாம். ஒட்ட முடியாதே என்று பயந்து அறுவையைத் தள்ளிப்போடும் குடும்பங்கள்தான் அதிகம் இழக்கின்றன.

இன்னொன்று, அம்மைக் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். ஐபுபுரூஃபன் வேண்டாம், ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது.

காசிமேட்டில் வலை இழுக்கும்போது மீன் முள் புருவத்தில் குத்திவிட்டது. டி.டி. ஊசி போட்டால் போதுமா?

டி.டி. வேண்டும், ஆனால் போதாது. நல்ல தண்ணீரிலும் சோப்பிலும் கழுவுங்கள், கடல் தண்ணீரில் அல்ல. டாக்டரிடம் "கடலில் பட்ட காயம்" என்று கட்டாயம் சொல்லுங்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரிலும் முகத்துவாரத்திலும் வாழும் விப்ரியோ வகைப் பாக்டீரியாக்களுக்கு வழக்கமான தோல் மாத்திரைகள் சரிவர வேலை செய்யாது. டாக்சிசைக்ளினோடு செஃப்ட்ரையாக்சோன் போன்ற ஊசியைச் சேர்க்க வேண்டியிருக்கும். கல்லீரல் கெட்டவர்களுக்கும் தினம் குடிப்பவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் அந்தக் கிருமி ஒரே நாளில் ஆளைக் கவிழ்த்துவிடும். வெட்கப்படாமல் குடிப்பழக்கத்தையும் சொல்லிவிடுங்கள், மருந்து தேர்வு அதைப் பொறுத்தது.

முள் கண்ணுக்குள்ளேயே குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், அழுத்தாதீர்கள். ஒரு பேப்பர் கப்பைக் கவிழ்த்து மேலே ஒட்டிக்கொண்டு வாருங்கள். பட்டறையில் இரும்புத் துணுக்குத் தெறித்தாலும் அப்படியே.

சுகர் இருக்கிறது. எனக்கு மட்டும் ஏன் டாக்டர் மூக்குக்குள்ளும் வாய்க்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தார்?

கருப்புப் பூஞ்சையைத் தேடினார். 2021இல் கொரோனா இரண்டாம் அலையில் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த மே மாதத்தில் தமிழ்நாட்டில் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தார்கள். கொரோனாவோடு வந்து கொரோனாவோடு போன நோய் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு முன்பும் இருந்தது, இப்போதும் கட்டுப்பாடில்லாத சர்க்கரை உள்ளவர்களுக்கு வருகிறது. மியூகோர் பூஞ்சை மண்ணிலும் அழுகும் பொருளிலும் எங்கும் உண்டு. ரத்தத்தில் சர்க்கரையும் கீட்டோனும் ஏறியிருக்கும் உடம்பில் அது எளிதில் வேர் பிடிக்கும். ரத்தக் குழாய்களுக்குள் புகுந்து அடைப்பதால் திசு கருத்துச் சாகிறது.

கன்னம் மரத்துப்போதல், ஒரு பக்க முகவலி, மூக்கில் கருத்த பொருக்கு, மேல் அண்ணத்தில் கருப்புத் திட்டு, ஆடும் மேல் பல், இமை தானாகத் தொங்குதல், இவற்றில் எது இருந்தாலும் சுகர் உள்ளவர் அன்றைக்கே வர வேண்டும். காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம். மூக்கிலிருந்து சிறு துணுக்கு எடுத்து கே.ஓ.ஹெச். கரைசலில் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அகலமான பூஞ்சை இழைகள் சில மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். கல்ச்சருக்காக (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) காத்திருக்க மாட்டார்கள். லைபோசோமல் ஆம்ஃபோடெரிசின் பி, ஒரு கிலோ எடைக்கு 5 மில்லிகிராம் என்ற கணக்கில் தினமும் சிரை வழியாக ஏறும். மூளை வரை போயிருந்தால் அதற்கும் மேல். சிறுநீரகமும் பொட்டாசியமும் கெடாமலிருக்க அடிக்கடி ரத்தம் எடுப்பார்கள். கூடவே சைனஸை அறுவை செய்து சுத்தம் செய்ய வேண்டும், இன்சுலினால் சர்க்கரையை இறக்க வேண்டும். பிறகு போசகோனசோல் மாத்திரை நீண்ட நாளைக்கு.

எல்லா ஆர்பிட்டல் செல்லுலைட்டிஸ் நோயாளிக்கும் நாங்கள் விரல் நுனியில் சர்க்கரை பார்ப்பது இதனால்தான். தனக்கு சுகர் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியவந்தவர்கள் ஏராளம்.

சி.டி. ஸ்கேன் அவசியமா? பிள்ளைக்குக் கதிர்வீச்சு கெடுதல் இல்லையா?

கண் நன்றாக அசைகிறது, பார்வை சரி, கண் தள்ளவில்லை என்றால் பெரும்பாலும் வேண்டாம். இவற்றில் ஒன்று மாறினாலும், இமை வீக்கத்தால் கண்ணைப் பார்க்கவே முடியாவிட்டாலும், ஒரு நாள் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்காவிட்டாலும் வேண்டும். சீழ் எங்கே, எவ்வளவு, எந்த சைனஸிலிருந்து என்பதை வேறு எதுவும் இவ்வளவு சீக்கிரம் சொல்லாது. கதிர்வீச்சு கொஞ்சம் உண்டுதான். பார்வை போவதோடு வைத்துப் பார்த்தால் அது சின்ன விலை. மூளைப் பக்கம் சந்தேகம் வந்தால் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள்.

ஸ்கேனில் இன்னொரு பயன் இருக்கிறது. பிள்ளைகளுக்கு வரும் சில கண் புற்றுநோய்கள் சிவந்து வீங்கி அச்சு அசல் இந்த நோய் போலவே தோன்றும். மருந்துக்கு வற்றாத வீக்கத்தில் அதையும் தேடியாக வேண்டும்.

மருந்துக் கடையில் கொடுத்த சொட்டு மருந்து போட்டதும் சிவப்பு குறைந்தது. அதையே தொடரலாமா?

அது ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தாக இருக்கலாம். சிவப்பைக் குறைக்கும், கிருமியைக் கொல்லாது. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சீழுக்கு எந்தச் சொட்டு மருந்தும் எட்டாது. பாட்டிலைத் தூக்கி எறியாமல் கொண்டு வாருங்கள், பெயர் பார்க்க வேண்டும். ஏற்கெனவே விழுங்கிய ஆன்டிபயாட்டிக் அட்டையையும் கொண்டு வாருங்கள். இரண்டு வேளை மாத்திரை போட்டிருந்தாலே கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம்.

வார்டில் என்ன செய்வார்கள்?

கையில் வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் சின்னக் குழாய்) போட்டு, ரத்தக் கல்ச்சர் எடுத்துவிட்டு, ஊசி மருந்தைத் தொடங்குவார்கள். செஃப்ட்ரையாக்சோன், வான்கோமைசின், தேவைப்பட்டால் மெட்ரோனிடசோல் என்று சேர்த்துக் கொடுப்பது வழக்கம். எந்தக் கிருமி என்று தெரிந்ததும் மாற்றுவார்கள். மூக்குக்குச் சொட்டு மருந்தும் உண்டு, சைனஸ் வடிய வேண்டுமே. இ.என்.டி. டாக்டர் வருவார், பிள்ளை என்றால் குழந்தை மருத்துவரும் வருவார்.

ராத்திரி மூன்று மணிக்கு நர்ஸ் எழுப்பி, டார்ச் அடித்து, எத்தனை விரல் என்று கேட்பார். நோயாளியின் கூட இருப்பவர்கள் இதற்குத்தான் அதிகம் சண்டை போடுகிறார்கள். தூங்கட்டும் என்று விட்டால் பார்வை எப்போது போனது என்று காலையில் யாருக்கும் தெரியாது. கண்மணி (கண் பாப்பா) விரிந்து நின்றால், ஒளிக்குச் சுருங்காவிட்டால், அந்த மூன்று மணிக்கே தியேட்டர் தயாராகும். எழுப்பட்டும், விடுங்கள்.

காய்ச்சல் நின்று கண் அசைவு திரும்பியதும் மாத்திரைக்கு மாற்றி வீட்டுக்கு அனுப்புவார்கள். ஊசியும் மாத்திரையுமாக மொத்தம் இரண்டு மூன்று வாரம் ஆகும்.

ஆபரேஷன் என்றால் கண்ணை எடுத்துவிடுவார்களா?

இல்லை. ஆபரேஷன் என்ற வார்த்தையைக் கேட்டதும் கையெழுத்துப் போட மறுத்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். பெரும்பாலும் மூக்கு வழியாக எண்டோஸ்கோப் விட்டு சைனஸைத் திறந்து சீழை வடிப்பதுதான். சில நேரம் புருவத்துக்கு அருகிலோ கண்ணின் உள் மூலையிலோ சின்ன வெட்டு. ஒன்பது வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு, மூக்குப் பக்கமாகச் சின்னச் சீழ், பார்வை முழுசாக இருக்கிறது என்றால் ஆபரேஷனே இல்லாமல் மருந்திலேயே கரைய வைத்துப் பார்ப்பார்கள். பெரிய சீழ், பார்வைக் குறைவு, 48 மணி நேர ஊசிக்கும் மசியாத நோய், பல்லிலிருந்து வந்த சீழ், இவற்றில் தள்ளிப்போட முடியாது. கண்ணையே எடுக்கும் நிலை கருப்புப் பூஞ்சை முற்றிய சிலருக்கு மட்டும், உயிரைக் காப்பாற்ற வரும். அதுவும் பார்வை ஏற்கெனவே போன கண்ணாகவே பெரும்பாலும் இருக்கும்.

ராத்திரி நேரம், எண்ணூரில் இருக்கிறோம். எங்கே போவது?

108ஐக் கூப்பிடுங்கள். கண் தள்ளியிருந்தால், பார்வை குறைந்தால், ஆள் மயங்கினால் ஸ்டான்லி மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போவது நல்லது. ஓல்ட் ஜெயில் ரோட்டில் இருக்கிறது. இந்த நோய்க்குக் கண் டாக்டர் மட்டும் போதாது, இ.என்.டி., மருத்துவம், அறுவை எல்லாம் ஒரே வளாகத்தில் வேண்டும் என்பதால் சொல்கிறேன். சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் அப்படித்தான். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது, கண்ணுக்கென்றே இருப்பது. பிள்ளைகளுக்கு எழும்பூரிலேயே குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. எங்கே போனாலும் வாசலிலேயே "கண் வீக்கம், காய்ச்சல், பார்வை மங்கல்" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். கண் வீக்கம் என்று மட்டும் சொன்னால் காலையில் ஓ.பி.க்கு வரச் சொல்லிவிட வாய்ப்பு உண்டு.

பகலில், பார்வையெல்லாம் சரியாக இருக்கும் லேசான வீக்கத்துக்கு விம்கோ நகரில் மெட்ரோ ஏறி வந்தாலே சீக்கிரம் வந்துவிடலாம். எண்ணூர் சாலையின் கன்டெய்னர் லாரி வரிசையில் ஆட்டோவில் மாட்டிக்கொண்டால் கதை வேறு.

செலவு?

அரசு மருத்துவமனையில் ஸ்கேன் உட்பட சிகிச்சைக்குப் பெரிய செலவில்லை. தனியாரில் சேர்ந்தால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்று சேரும்போதே கேளுங்கள். அட்டையைத் தேடிக்கொண்டு வீட்டில் ஒரு மணி நேரம் நிற்காதீர்கள், பிறகு யாராவது கொண்டு வரலாம்.

வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டுமா?

சைனஸிலிருந்து வந்த நோய் ஒட்டாது. பூஞ்சையும் ஆளுக்கு ஆள் பரவாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பரவலாம், ஒரே துண்டு, ஒரே தலையணை வேண்டாம்.

குணமான பிறகு திரும்ப வருமா?

காரணம் அப்படியே இருந்தால் வரும். சைனஸ் அடைப்பு, சொத்தைப் பல், கட்டுக்கு வராத சுகர் மூன்றையும் சரிபார்க்க வேண்டும். நடுத்தர வயதுப் பெண்களுக்கு எப்போதும் நீர் வடியும் கண்ணும், மூக்கோரம் அமுக்கினால் சீழ் வரும் கட்டியும் இருந்தால் கண்ணீர்ப் பை அடைத்திருக்கிறது. கட்டியை அமுக்கிப் பிதுக்காமல், வீக்கம் வற்றியதும் டி.சி.ஆர். என்ற சின்ன ஆபரேஷனால் புது வழி போட்டுக்கொள்ளலாம். அடிதடியிலோ பைக்கிலிருந்து விழுந்தோ கண் குழி எலும்பு விரிசல் விட்டவர்கள் சில வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது. சிந்தினால் சைனஸின் காற்றும் கிருமியும் விரிசல் வழியாகக் கண்ணுக்கு ஏறும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள்.